பாதி மேல் பாதி

ஓசூர்க் கடையில் நாடாக்கள்
உள்ளங்கை அளவுப் பெட்டிகளில்
இணை இணையாக இருந்தன,
வலது பக்கத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று.
வெள்ளை வேண்டாம் என்றேன்.
நாளெல்லாம் வெள்ளைக் கோட்டில் நிற்பவளுக்குத் தெரியும்
வெள்ளைக்கு என்ன ஆகும் என்று.
சிவப்பு, பேச்சே இல்லை.
நீலத்தைத் தொட்டால் ஆபரேஷன் தியேட்டர் திரை.
"கறுப்புதான் எல்லாரும் வாங்குவாங்க, மேடம்."
அதனாலேயே அதுவும் வேண்டாம்.
கடைசியில் சாமந்தி மஞ்சள்,
ஆயிரத்து நூறு ரூபாய்.
அந்தக் காசுக்குத் தருமபுரிப் பூ மார்க்கெட்டில்
அசல் சாமந்தியே கூடையோடு தருவார்கள்.

வீட்டு டியூப்லைட்டில் பிரித்துப் பார்த்தேன்.
பஞ்சில் காய்ந்த அயோடின்.

சரி, இருக்கட்டும்.

பழைய நாடாவை உரித்ததும்
அலுமினியத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது உப்பு,
எனக்கு முன் இதை ஓட்டிய ஸ்ரீநாத்தின் வியர்வை.
எந்த ஏற்றத்தில் சிந்தினானோ.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு
"குழந்தை பொறந்திருக்குங்க" என்றான்,
துக்கம் சொல்லும் குரலில்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
காய ஒரு நிமிடம் விட்டேன், பழக்கம்.

பன்னிரண்டு வருடமாக
மாவுக்கட்டு அறையில் எனக்கு வேலை.
தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில்
பிரேக் பிடிக்காத லாரி எதுவும்
என் அறைக்கு வராமல் போனதில்லை.
நுனியில் தொடங்கு, உடலை நோக்கி ஏறு,
ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்
பாதி மேல் பாதி,
முட்டி வந்தால் எட்டுப் போடு.
நாடாப் பெட்டி அட்டையிலும்
இதையேதான் படமாகப் போட்டிருந்தார்கள்.
எனக்கா என்று அட்டையை வீசினேன்.

முதல் சுற்றிலேயே சொதப்பல்.
வளைவின் உட்பக்கம் மடிப்பு மடிப்பாய்ச் சுருங்க
வெளிப்பக்க இடைவெளியில் பல்லிளித்தது அலுமினியம்.
பிரித்தேன், பசையும் கூடவே பிய்ந்து வந்தது.
திரும்பச் சுற்றினேன்.
திரும்பவும் தொளதொள.

கட்டுப் போடும் கைக்குச் சட்டம் ஒன்றுதான்:
இழுக்காதே.
இழுத்தால் உள்ளே வீங்கும், விரல் கறுக்கும்,
ராத்திரி இரண்டு மணிக்கு
ரம்பம் எடுத்து அறுக்க வேண்டி வரும்.
ஒருமுறை அறுத்தேன்.
பாலக்கோட்டுத் தக்காளி லாரிக் கிளீனர், பத்தொன்பது வயது.
அதற்குப் பிறகு என் கை
எதையும் இறுக்கியதில்லை,
ஊறுகாய் பாட்டில் மூடியைக் கூட.

கட்டிலுக்கடியில் போன அட்டையைத் துடைப்பத்தால் இழுத்தெடுத்தேன்.
படத்தில் ஒரு கை நாடாவை விறைப்பாய்ப் பிடித்திருக்க
பக்கத்தில் தடித்த அம்புக்குறி.

இழுத்தேன்.
பயந்து பயந்து, பிறகு பல்லைக் கடித்து.
யாரும் கத்தவில்லை.
இழுக்க இழுக்க ஒல்லியாகி
வளைவோடு வளைந்து
பிரேக் பிடியின் ரப்பர் இமைக்கு அடியில்
எட்டுப் போட்டு ஏறிப்போய்
நடுத்தண்டை ஒட்டி நின்றது வலது.
இடதில் என்ன கோபமோ,
ஒரு சாண் மிச்சம்.
அதை வெட்டிக் கோட்டுப் பையில் போட்டேன், எதற்கென்று தெரியாது.
முனைகளுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்,
வார்டு ஃபேன் ஒயருக்கு ஒட்டியதுபோக
மாதப்பன் கொடுத்தது.

பிறகு, யோசிக்காமலே,
ஹேண்டில்பாரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்:
"விரலை அசைங்க, பார்ப்போம்."

சிரிப்பு அடங்க நேரமானது.
அடங்கியதும் இரண்டு பக்கமும் பிடித்து
என் விரல்களை அசைத்தேன்.
பிரேக்குகள் சக்கரங்களைக் கவ்வின, விட்டன.
கை உணர்ந்தது:
வலது கொஞ்சம் மெத்தை, இடது கொஞ்சம் கட்டை.
பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

நாளைக்கு எட்டு மணி டியூட்டி.
அதற்குள் அதியமான்கோட்டை தாண்டி
கணவாய் தொடங்கும் இடம் வரை போய்வரலாம்.
இறங்க மாட்டேன்.
இறங்கியவர்களில் பாதிப் பேரை
எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.